புகையைப் பார்த்து நிற்கும் கார்கள்

என் வீட்டுக்கும் கந்தர்வக்கோட்டைச் சாலைக்கும் இடையில் ஒரு முந்திரிக் கொட்டகை இருக்கிறது. அதை நடத்தும் அம்மாள் மண்ணடுப்பில் முந்திரி ஓடுகளையே எரித்துக் கொட்டை வறுப்பார். ஓட்டில் உள்ள எண்ணெய் தீப்பிடித்தால் புகை கறுப்பாக எழும், கண் எரியும். மனைவி இறந்து, பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வும் பெற்ற பிறகு, பகலில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

புகையைக் குறைக்கும் தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் தரும் பசுமைக் கடனில் அவர் மின்சார வறுவல் மெஷின் வாங்கினார். சில நாட்களிலேயே காற்று மாறியது. கொடியில் போட்ட வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது. அவருடைய இருமல் குறைந்தது.

வியாபாரமும் குறைந்தது. இந்தச் சாலையில் கார்க்காரர்கள் பலகையைப் படித்து நிற்பதில்லை. புகை தெரிந்தால்தான் கண்ணெதிரே வறுக்கிறார்கள் என்று நம்பி நிற்பார்கள். திட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வழியில்லை. தவணை தவறினால் மெஷினை எடுத்துப்போவார்கள். மறுபடி அதே அடுப்பு, அதே இருமல்.

“சார், பேப்பர்ல ஒரு வரி போட்டுவிடுங்க. பொகை இல்லாம வறுத்தாலும் முந்திரி முந்திரிதான்னு.”

பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரை இரண்டாம் முறை கேட்டார். “மெயில் போடுங்க, பாக்குறோம்” என்றார். போட்டேன். பதில் இல்லை.

“என்ன சார், அத்தனை வருசம் இருந்தீங்க, ஒருத்தருக்கும் ஒங்களத் தெரியலையா?” என்று அந்த அம்மாள் சிரித்தார். நான் பேச்சை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய அடுப்பு எரிந்தது. மேலே வாணலி இல்லை. வெறும் ஓடுகள்.

“கொட்டையெல்லாம் உள்ள மெஷின்லதான் சார். இது ரோட்டுல போறவங்களுக்கு.”

ஒரு கார் நின்றது. “இங்கேயே வறுத்ததா?” என்று கேட்டார் ஓட்டி வந்தவர்.

“இப்பதாங்க எறக்குனேன்.”

அதில் பொய் எதுவும் இல்லை. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு பொட்டலம் வாங்கிப் போனார்.

“பேங்க்லேருந்து வந்து பாத்தா?” என்றேன்.

“வந்தா தண்ணிய ஊத்திப்புடுவேன். காத்து இங்கிட்டு அடிக்குது, நீங்க வீட்டுக்குள்ள போங்க சார்.”

வீட்டுக்குள் யாரும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கமே நின்றேன். அவர் இன்னொரு கை ஓடுகளை அள்ளிப் போட்டார்.