மண்டைக்கனத்துக்கு ஏழு இங்கிலீஷ் சொற்கள்

டைப் அடித்துப் பிழைக்கிறவனுக்குச் சொந்தக் கோபம் கட்டுப்படியாகாது. ஊரார் கோபத்தை அடித்துக் கொடுக்கவே பத்து விரலும் போதாது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய டைப்ரைட்டரோடு நான் கடை போட்டிருந்த காலத்தில், வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒரே முறைப்பாடுதான்: "அவனுக்குத் தலைக்கனம். இங்கிலீஷ்ல நறுக்குன்னு ஒரு சொல் போடுங்க." அதற்கென்றே ஏழு சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். என்னைப்போல் அடுத்தவன் கோபத்தில் கஞ்சி குடித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

மச்சானுக்கு ஒரு கடிதம்

அலவத்துகொடையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி வந்தார். அவருடைய மச்சான் சவூதி போய் வந்ததிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சோறு தின்கிறாராம். கடைக்கு வந்து, ஆட்கள் முன்னால், "இதெல்லாம் ஒரு துணியா?" என்கிறாராம். நான் சுவரைக் காட்டி விளக்கினேன். 'அரொகன்ட்' என்றால் அடுத்தவனை மதிக்காதவன். 'கன்சீட்டட்' என்றால் தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறவன். 'பொம்பஸ்' என்றால் வெறும் பந்தாக்காரன்.

"மூணும் அவனுக்கிட்ட ஈக்கிது. மூணையும் அடிங்க" என்றார். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. அதுக்குத்தானே இங்கிலீஷ்! வாசிச்சுச் சொல்லுங்கன்டு ஊரெல்லாம் காட்டித் திரியட்டும்."

பெரிய எழுத்தில்

ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க் ஒருவர், யாழ்ப்பாணத்தவர், ஏதோ சங்கத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார். சுவரிலிருந்த ஏழு சொல்லையும் வாசித்துவிட்டு, "உப்பிடியான ஆக்களோட முப்பது வருஷம் இருந்தனான் தம்பி, ஒண்டும் என்னில ஒட்டேல்ல" என்றார். பிறகு தன் அருமை பெருமைகளை ஒன்றரைப் பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே போனார். என் விரல் நுனி மரத்துப்போனது. கடைசியாக 'மொடஸ்ட்', அதாவது தன்னடக்கமுள்ளவர், என்றும் போடச் சொன்னார்.

அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். முகம் சரியில்லை.

"தம்பி, உந்தத் தன்னடக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில அடியும்."

சாந்தியின் படிவம்

வீரம்மா, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மகள் சாந்தி பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அதற்கான படிவத்தில் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போடவேண்டும். படிவமோ ஆபீஸ் கிளார்க்கின் மேசையில் தூங்குகிறது. மூன்று தடவை போயும் அந்த மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "கடைசித் தேதிக்கு ரெண்டு வாரந்தாங்க ஐயா இருக்கு. அது போச்சுன்னா எம் மகளும் கூடையத்தான் தூக்கணும்" என்று அழுதார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. துரைக்கு எழுதிய கடிதத்தில் ஏழு சொல்லையும் இறக்கினேன். கிளார்க் 'ஹோட்டி', ஆளை ஏளனமாய்ப் பார்க்கிறவர். 'வெயின்', வீண் பெருமைக்காரர். 'ஸ்னொப்', ஏழைகளை அண்ட விடாதவர். 'போஸ்ட்ஃபுல்', வாய்ச்சவடால் பேர்வழி. மற்ற மூன்றும் உங்களுக்குத் தெரியும். முடித்ததும் நானே உரக்க வாசித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் அதே கடிதத்தோடு வந்து நின்றார்.

"தொர உங்க இங்கிலீச ரொம்ப மெச்சுனாருங்க ஐயா. எம் மக பேரு இதுல எங்க இருக்குன்னுதான் கேட்டாரு."

நாலு வரி

தேடிப் பார்த்தேன். இல்லை. பிள்ளையின் பெயரும் இல்லை, படிவமும் இல்லை, தேதியும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுத் தாளைச் செருகி, பெயர், படிவம் யார் மேசையில் எத்தனை நாளாய்க் கிடக்கிறது, கடைசித் தேதி என்று நாலே வரி அடித்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தப் பிள்ளை கூடை தூக்கினால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

வீரம்மா சாந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். துரை கடிதத்தை வாசித்த கையோடு கிளார்க்கைக் கூப்பிட்டு, படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சாந்தி சிரித்துக்கொண்டு நின்றாள். தாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மொதக் கடுதாசிக்கு அம்புட்டு நேரம் தட்டுனீங்க. இந்தத் தடவ நீங்க ஒண்ணுமே எழுதலியே ஐயா, வேல எப்பிடி நடந்துச்சு?"

ஏழு சொல்லும் அன்றைக்கே சுவரிலிருந்து இறங்கிவிட்டன. ஆனாலும் அவ்வளவையும் பார்க்காமல் சொல்லக்கூடிய டைப்பிஸ்ட் கண்டி முழுக்க நான் ஒருவன்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.