கால்வாசி பலம்

என் நாத்தனாருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை செய்கிறோம். ஈர விரிப்புக் கூடையை நாங்களெல்லாம் முக்கி முனகித் தூக்குவோம். அவர் மட்டும் மூச்சை அடக்கி ஒரே தம்மில் தூக்கிக்கொண்டு போவார். அந்த வீம்பு போன மழைக்காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளர் ஆறு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் கூடையைத் தூக்க முடியாவிட்டால் கிழிசல் தைக்கும் மேசைக்குப் போக வேண்டும்.

"உக்காந்து ஊசியில நூல் கோக்கவா இந்த உடம்ப வளத்தேன்?" என்று பொருமினார் நாத்தனார்.

பிசியோதெரபிப் பெண் அவரை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னாள். தொப்புளுக்குக் கீழே வயிற்றை லேசாக உள்ளே இழுக்க வேண்டும். இவரோ மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க, வயிறு முதுகோடு ஒட்டும்படி எக்கினார்.

"இது சண்டை இல்லம்மா. கால்வாசி பலம் போதும். முழு பலத்தையும் போட்டா மேல இருக்கற தசை வேலையப் பிடுங்கிக்கும். இடுப்பத் தாங்கற உள்தசை சும்மாவே கிடக்கும். மூச்சு விட்டுக்கிட்டே, பேசிக்கிட்டே செய்யணும்."

கால்வாசி என்பது இவர் அகராதியிலேயே கிடையாது. ஆனாலும் பிடித்த பிடியை விடுபவரா? காலையும் மாலையும் தரையில் படுத்து, இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே விரலை வைத்துப் பழகினார். பேச்சு நின்றால் தப்பு என்பதால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டினார். என் சமையலில் தொடங்கி என் தம்பியின் கல்யாணம் வரை ஒன்றையும் விடவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், திட்டிக்கொண்டிருக்கும்போதே என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார்.

"இங்க தொட்டுப் பாரு."

விரலுக்கடியில் ஏதோ மெல்ல இறுகியது. மூச்சு சீராக ஓடியது.

"நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியலயேடி!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கெடு நாள் வந்தது. மேற்பார்வையாளர் கைகட்டி நின்றார். நாத்தனார் நிறைந்த கூடையிலிருந்து பாதியை அள்ளிக் காலிக் கூடையில் போட்டார். குனிந்து, மூச்சு விட்டபடி தூக்கினார்.

"முழுசாத் தூக்கணும்," என்றார் மேற்பார்வையாளர்.

"பன்னண்டு வருஷம் முழுசாத்தான் தூக்கினேன் சார். இனிமே ரெண்டு நடை. வேலையும் குறையாது, என் இடுப்பும் போகாது." பேசிக்கொண்டே, ஒரு முக்கல் இல்லாமல் உலர்த்தும் மெஷின் வரை நடந்தார்.

"அப்ப தையல் மேசைக்குக் கிளம்புங்க."

எனக்குப் பயம்தான், கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு காலிக் கூடையை இழுத்து என் விரிப்புகளில் பாதியை அதில் போட்டேன். எனக்கு அடுத்தவள் போட்டாள். அவளுக்கு அடுத்தவளும் போட்டாள்.

தையல் மேசைக்கு இருந்ததோ இரண்டே நாற்காலி.