சத்தமில்லாமல் சீர் கொண்டுபோன கதை

என் லாரிக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை எஞ்சினைத் திறந்து டேப்பட் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் மேலே நூலிழை இடைவெளி விட்டு நட்டை இறுக்குவேன். செஞ்சி கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நட்டு தளர்ந்து, இடைவெளி அகன்று, டகடகவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். எனக்குப் பழகிவிட்டது. தொண்டூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்குத்தான் பழகவில்லை. "இன்னா மச்சான், லாரியில தறி ஓட்றீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார்.

தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. நான் ஒரே தாய்மாமன். என் சீர் வந்து இறங்காமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. நல்ல நேரம் பத்தரைக்குள். அன்றைக்காவது சத்தமில்லாமல் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ரோஷம். மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"இறுக்கி வெச்சா சத்தம் வராதுதான். ஆனா சூடானா வால்வு மூடாது, வண்டி இழுக்காது. கம்முனு இப்டியே ஓட்டுண்ணா."

அவருக்கென்ன, அவரா சீர் செய்யப் போகிறார்? நானே ஸ்பேனரை எடுத்து எல்லா வால்வையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டேன்.

காலையில் இருபத்தோரு சீர்த்தட்டும் முப்பது சொந்தக்காரர்களும் ஏறினார்கள். வண்டி பூனை மாதிரி போனது. "புது வண்டியாடா?" என்றார் பெரியம்மா. வல்லம் வரைக்கும் மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டினேன். அதைத் தாண்டிய மேட்டில் வண்டி திணறியது, இருமியது, நின்றுவிட்டது.

மணி ஒன்பது. தங்கை போன் செய்தாள். "இதோ, ஊருகிட்ட வந்துட்டேம்மா" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

சூடு ஆறாமல் டேப்பட்டைத் தொட முடியாது. தட்டுகளை மூடியிருந்த துணிகளை உருவிப் பெண்கள் எஞ்சினுக்கு விசிறினார்கள். பெரியம்மா விசிறிக்கொண்டே என்னைத் திட்டினார். இடைவெளி அளக்கும் தகடு வீட்டில் கிடந்தது. சட்டைப்பையில் இருந்த விழாப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்தேன். அந்த அட்டை லேசாக உரசி நகரும் அளவுக்கு ஒவ்வொரு வால்வையும் தளர்த்தினேன். ஸ்டார்ட் செய்ததும் டகடக. அதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

தொண்டூர் எல்லையில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்காரர் ரோட்டிலேயே நின்றிருந்தார். கிண்டல் செய்யப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ வீட்டுப் பக்கம் திரும்பி, "மாமன் வந்துட்டாரு, பொண்ண உக்கார வைங்க!" என்று கத்தினார். மணி பத்து இருபது.

தங்கை ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கிட்ட வந்துட்டேன்னியே, சத்தமே கேக்கலியேண்ணா! ஒரு மணி நேரமா வாசல்லயே நிக்கிறேன். சீரு செய்ய வழியில்லாம சும்மா சொல்றியோன்னு பயந்துட்டேன். நீ வெறுங்கையோட வந்திருந்தாலும் போதும்ணா."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் ஆயில். கண்ணைத் துடைக்க வழியில்லாமல் அப்படியே நின்று அழுதேன்.