கடப்பைக் கல்லும் பன்னிரண்டு ஜோடிக் கால்களும்

தரை போடுகிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குனிந்து பார்த்துத் திட்டுவதோடு சரி. கடைக்கோ கிடங்குக்கோ மில்லுக்கோ தளம் போட்டுவிட்டு, பிறகு அதன் மேலேயே நின்று வருத்தப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் உங்களுக்கு எதிரே நின்று வருத்தப்பட்டவன்.

வெள்ளைக்காரன் காலம். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அருகே என் முதலாளிக்கு ஒரு கிடங்கு இருந்தது. சுண்ணாம்பு, செங்கல், கடப்பைக் கல், கிடைத்தால் சிமெண்டு. நான் சைக்கிளில் போய் இடத்தைப் பார்த்து, அங்கே நடக்கும் தொழிலுக்கு எந்தத் தரை பொருந்தும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அயனம்பாக்கத்துக் கன்னியப்பன் மேஸ்திரி ஆட்களோடு வந்து அதைப் போடுவார். அதற்கு முன் ஒரு அச்சாபீசில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவன் என்பதுதான் என் ஒரே தகுதி.

சித்திரை முதல் வாரத்தில் வேலையில் சேர்ந்தேன். முதலாளி அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "ஒரு வருஷம் பார்ப்பேன். நீ எழுதிக் கொடுத்த தரையில ஒண்ணையாவது பேர்த்தெடுக்க வேண்டி வந்தா, அன்னைக்கே நீ வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

மினுக்கு

முதல் கண்டம் அம்பத்தூரிலேயே வந்தது. செக்கு வைத்திருந்த ஒருவர் பட்டணத்தில் ஏதோ ஜவுளிக்கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே தரையில் முகம் தெரிந்ததாம். தன் செக்குக் கொட்டகைக்கும் அதே போல வேண்டும் என்றார். எண்ணெய் சிந்துகிற இடத்துக்கு வழவழப்பு ஆகாது, சொரசொரப்பான கருங்கல்தான் சரி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில், சிமெண்டு கிடைக்காத கிடங்கிலிருந்து வந்தவன் என்று நினைத்துவிட்டது தெரிந்தது. சிமெண்டு பூசி, தேய்த்து, இழைத்துக் கொடுத்தோம். முகம் தெரிந்தது.

நான்காம் நாள் ஆள் அனுப்பினார். செக்கு மாடு இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் முன்னங்கால்கள் இரண்டும் வழுக்கி, கும்பிடுகிற மாதிரி மண்டியிட்டது. எழுப்பினால் நடக்க மறுத்தது. பேர்த்தெடுக்கச் சொல்வாரோ என்று மேஸ்திரியை அழைத்துக்கொண்டு ஓடினேன். கன்னியப்பன் உளியை எடுத்து, மாடு சுற்றும் வட்டம் முழுக்கக் கோடு கோடாகக் கொத்திவிட்டார். மாடு நடந்தது. பேர்க்க வேண்டி வரவில்லை. செக்குக்காரர் கொத்திய தரையை வருத்தத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "தரை மேல ஒரு தப்பும் இல்லப்பா. மாட்டுக்குத்தான் நாகரிகம் பத்தல."

மார்கழியில் தேர்ந்தெடுத்தது

குமணன்சாவடியில் நாயக்கர் ஒருவர் நெல் மில் வைத்திருந்தார். அவித்த நெல்லைச் சாணி மெழுகிய மண் களத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அரிசியில் கல்லும் மண்ணும் வருகிறது என்று பட்டணத்து மண்டிக்காரர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். நாயக்கருக்குச் சிமெண்டுக் களம் வேண்டும். ஆனால் அதற்குள் யுத்தம் முற்றியிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிமெண்டெல்லாம் அங்கே போயிற்று. மற்றவர்களுக்கு பர்மிட், பர்மிட் கிடைத்தவர்களுக்குச் சிமெண்டு இல்லை.

சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடித்த தளம் போடலாம் என்றார் கன்னியப்பன். அதை அடித்து, ஆறவைத்து எடுக்க மாசக் கணக்கில் ஆகும். சம்பா அறுப்பு மூன்று வாரத்தில் வந்துவிடும். நான் கடப்பைக் கல் எழுதிக் கொடுத்தேன். கறுப்புக் கல் வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும், இரண்டு நாள் காய்கிற நெல் ஒரே நாளில் காயும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி நாயக்கருக்குப் பிடித்துப் போயிற்று. மார்கழிக் காலையில் மாதிரிக் கல் ஒன்றைப் போட்டு, செருப்புக் காலால் தட்டிப் பார்த்து முடிவு செய்தோம்.

தை பிறந்ததும் களம் தயார். நெல்லைப் பரப்பிவிட்டுப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். காலைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்து நெல்லைப் புரட்டுவது அவர்கள் வேலை. களத்தில் கோடுகள் விழுந்துகொண்டே போகும். அவர்களுக்கு முன்னால் நடப்பவள் அஞ்சலை. கல்லில் காலை வைத்ததும் திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள்: "ஜில்லுனு கீதுடீ, கோயில் மாரி!"

ஆட்டம்

மாசிக் கடைசியில் வெயில் மாறியது. நான் வேறு வேலையாகப் பூந்தமல்லி போனவன், வழியில் மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். நடுப்பகல். பெண்கள் நடக்கவில்லை, குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். களத்தின் நாலு ஓரத்திலும் ஈரச் சாக்கு போட்டிருந்தது. ஒரு கோடு ஓடி முடித்ததும் சாக்கில் நின்று காலை ஆற்றிக்கொண்டு, மறுபடி ஓட்டம். ஒருத்தி சாக்கில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி ஊதிக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்திருந்தது.

நாயக்கர் அவர்களுக்கு டயர் செருப்பு வாங்கிக் கொடுத்தாராம். செருப்பால் மிதித்ததில் உமி நசுங்கியது. அவரே கழற்றச் சொல்லிவிட்டார். மரப் பலகையால் இழுக்கச் சொன்னார். அது மேல் நெல்லை ஒதுக்கியதே தவிர அடி நெல்லைப் புரட்டவில்லை. பழையபடி கால்தான். கல்லைப் பற்றி ஏதாவது புகாரா என்று பயந்துகொண்டே கேட்டேன். நெல் ஒரே நாளில் காய்கிறதே, என்ன புகார் என்றார். அந்தப் பெண்களைக் காட்டிச் சிரித்தார்: "நீ சும்மா இருப்பா. நோட்டீஸ் ஒட்டாமலே தெனம் மத்தியானம் எனக்கு ஒரு டிராமா நடக்குது."

மூன்றாவது பிளேடு

பங்குனியில் நாயக்கரின் சிரிப்பு நின்றுவிட்டது. உமி நீக்குகிற ஹல்லரிலிருந்து வருகிற அரிசியில் பாதி குருணை. மண் இல்லை, கல் இல்லை, முழு அரிசியும் இல்லை. மண்டிக்காரர்கள் மறுபடி மூட்டையைத் திருப்பினார்கள். இயந்திரத்தில்தான் கோளாறு என்று நாயக்கர் முடிவு செய்து, பிட்டர் மாணிக்கத்துக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் குருணை நிற்காவிட்டால் மாணிக்கம் நிற்கக் கூடாது.

கல் இடுக்குகளில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கன்னியப்பனும் நானும் போனபோது மாணிக்கம் ஹல்லரைப் பிரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து பெண் குழந்தைகள் உள்ள மனுஷர். என்ன ஆயிற்று என்று கேட்டேன். தலை நிமிராமல் பதில் சொன்னார்: "ரெண்டு பிளேடு மாத்திட்டேன் சார். மூணாவது பிளேடு என் கழுத்துக்குத்தான்."

கேள்வி

களத்துக்கு வந்தேன். அன்று என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் ஏறினேன். ஐந்தாவது அடியில் ஓடிவந்து ஈரச் சாக்கில் நின்றேன். பெண்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் அவர்களை விடப் பலமாகச் சிரித்தார். பதினோரு மாதத்தில் நான் எழுதிக் கொடுத்த எந்தத் தரையிலும் வெறுங்காலோடு நின்றதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அஞ்சலை காலடியிலிருந்து நாலு நெல்லை எடுத்து, ஒன்றைக் கடித்து, பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். அரிசியின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. "மேல வெந்து போச்சு, உள்ள இன்னும் ஈரம். கால் தாங்காத சூட்டுல நெல்லு மட்டும் தாங்குமா சாமி? மிஷினு பாவம், அது இன்னா பண்ணும்?" என்றாள். மண் களத்தில் கால் பொறுக்கிற சூட்டில் இரண்டு நாள் மெல்லக் காய்ந்தவரை நெல் உடையவில்லை. எல்லாப் பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. நாயக்கரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வேலைக்கு உடம்பு வணங்காமல் கல்லைக் குறை சொல்கிறாள் என்பார், நாளைக்கு வேறு ஆள் வருவாள் என்றாள். பிறகு என் கையிலிருந்த நெல்லைத் திரும்ப வாங்கிக் களத்தில் போட்டாள்: "கேட்டவன் நீ ஒருத்தன்தான் சாமி. அதுவும் கல்லப் போட்ட அப்பால."

இரண்டு கூடை

புரூப் பார்த்த புத்தி, அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள விடவில்லை. ஒன்றாக அவித்த நெல்லில் இரண்டு கூடை கேட்டு வாங்கினேன். ஒன்றைக் கல் களத்தில் பரப்பினோம். இன்னொன்றை மில்லுக்குப் பின்னால் மிச்சமிருந்த மண் தரையில், அஞ்சலையையே பரப்பச் சொன்னோம். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மாணிக்கம் ஹல்லரைத் திரும்ப மாட்டி, இரண்டையும் தனித்தனியாக விட்டார். மண் தரை நெல் முழுசாக வந்தது. கல் தரை நெல் ரவையாக வந்தது. முழு அரிசிக் கூடைக்குள் கையை விட்ட மாணிக்கம் வெளியே எடுக்கவே இல்லை.

கன்னியப்பன் என்னை வெளியே அழைத்துப் போனார். சைக்கிளை நானே மறந்து நின்றிருந்தபோது அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தது அவருக்குத் தெரியும். என் மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதும் தெரியும். அஞ்சலை சொல்ல மாட்டாள். மாணிக்கம் சொன்னால் வேலை போகிற பயத்தில் கல் மேல் பழி போடுகிறான் என்பார்கள். சைக்கிளின் கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கல்லு பேசாது நைனா. நீயும் பேசாத. இன்னும் மூணு வாரம், ஏறி மிதிச்சுக்கினே இரு."

சொன்னது

ஏறினேன். வேலப்பன்சாவடி வரை போனேன். ஏதோ தைரியம் வந்து திரும்பினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வெள்ளிக்கிழமை மாணிக்கம் எங்கே போவார் என்று யோசித்தபடி மிதித்ததில், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கவில்லை. மறுபடி மில் வாசலில் நின்றிருந்தேன்.

நாயக்கர் இரண்டு கையிலும் இரண்டு அரிசியை வாங்கிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இயந்திரத்தில் குறை இல்லை, பெண்கள் மேல் குறை இல்லை, நான் எழுதிக் கொடுத்த கல்தான் தப்பு என்றேன். உள்ளே திரும்பி, "மாணிக்கம், மிஷின ஓட்டுடா" என்று குரல் கொடுத்தார். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. பிறகு குருணையை என் காலடியில் கொட்டினார்: "உன் மொதலாளிய வரச்சொல்லு. கல்லையும் பேத்துக்கினு போவட்டும், கூடவே உன்னையும் பேத்துக்கினு போவட்டும்."

நாலு அடி

மறுநாள் முதலாளி ஜட்காவில் வந்தார். மணி பன்னிரண்டு. யாரிடமும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். நாலு அடி போனார், திரும்பினார், அதே வேகத்தில் நடந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும் கால் விரல்கள் உள்ளே மடங்கியதைப் பார்த்தேன்.

கல்லைப் பேர்த்து, நிழலில் இருக்கும் ஹல்லர் அறைக்கும் மூட்டைக் கிடங்குக்கும் போடுவது, களத்துக்குச் சுண்ணாம்புத் தளம், அது ஆறும் வரை பழைய மண் தரையிலேயே நெல் என்று நாயக்கரோடு பேசி முடித்தார். எல்லாம் கால் மணி நேரம். ஜட்காவில் ஏறியவர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்: "நீ பேசாம இருந்திருந்தா, தெரிய வந்த அன்னைக்கு உன்னை அடிச்சிருப்பேன். நல்லவேளை, நீயே சொல்லிட்ட. ஆனா சொன்ன சொல்லு எனக்கும் ஒண்ணு கீதே."

பலகை

இரண்டு வாரம் கழித்து, என்னிடம் தங்கிவிட்ட அளவு நாடாவைக் கன்னியப்பனிடம் கொடுக்கப் போனேன். களத்தில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரப் பலகையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பலகையும் ஒரே சமயத்தில் விழுந்தன. ஆறு வாரம் தட்ட வேண்டும். நெல் புரட்டிய அதே பெண்கள்தான். தாங்கள் நடக்கப் போகிற தரையை இந்த முறை அவர்களே போட்டார்கள். அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை.

இப்போது எங்கே வேலை என்று அஞ்சலை கேட்டாள். எங்கும் இல்லை என்றேன். தட்டுவது ஒரு கணம் நின்றது. பிறகு அவள் பக்கத்தில் இருந்தவளை இடுப்பால் தள்ளி ஓர் ஆளுக்கு இடம் பண்ணினாள். "அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வந்து குந்து சாமி, பலகை ஒண்ணு சும்மாதான் கீது."

போட்ட தரைக்கு உத்தரவாதச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.