ஒன்பது பிணம், ஒரு ரிப்போர்ட்டும் இல்லை

"நிறுத்து, நிறுத்து!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு ரிமோட்டை அமுக்குகிறார் ரைட்டர். திரையில் பறந்த புழுதி அப்படியே நிற்கிறது. மதுக்கடை வாசலில் துப்பாக்கியை உறையில் செருகப் போன, அந்த ஊர்ப் போலீஸ்காரனான ஷெரிஃபின் கையும் அந்தரத்தில் நிற்கிறது. ரைட்டர் மடியில் இருக்கும் நீள நோட்டில் விரல் விட்டு எண்ணி எழுதுகிறார். பிணம் ஒன்பது. குதிரை ஒன்று. உடைந்த கண்ணாடி, பெரியது, இரண்டு.

"ஒன்பது உசுரு போயிருக்கு. ஒரு ரிப்போர்ட் எழுதுறானா பாரு! சுருட்டைக் கடிச்சுக்கிட்டுக் குதிரை ஏறப் போறான். மிச்சத்தை யாரு எழுதுவா, இவன் மாமனாரா?"

போலீஸ் ஸ்டேஷனில் முப்பத்தினாலு வருஷம் எழுத்து வேலை பார்த்தவர் அவர். திருடு, அடிதடி, காணாமல் போன மாடு, கணவன் மனைவி சண்டை எல்லாம் அவர் பேனா வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகும். ரைட்டர் என்ற பெயர் ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பயிற்சிக் காலத்துக்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கௌபாய் படம் பார்க்காவிட்டால் மட்டும் அவருக்குச் சோறு செரிக்காது.

பார்ப்பது பாதி நேரம், திட்டுவது பாதி நேரம். ஆறு குண்டு போடும் துப்பாக்கி பதினொரு முறை சுட்டால் நோட்டில் ஏறிவிடும். சிறைச் சாவியைக் கைதிக்கு எட்டுகிற ஆணியில் மாட்டியிருந்தால் எழுந்து நின்றே கத்துவார். ஷெரிஃபின் மேஜையைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மேஜை மேல பூட்ஸ் காலு இருக்கு, பாட்டில் இருக்கு. ஒரு காகிதம் இருக்கா? நிஜத்துல இவன் தெருநாய் புகாருக்கு ஊரைச் சுத்தி வந்துக்கிட்டு இருப்பான். இங்க என்னடான்னா சூரியன் மறையுற பக்கமாப் பார்த்துப் போறான்!"

கொள்ளையர்களும் தப்புவதில்லை. நீளக் கோட்டும் சாய்ந்த தொப்பியுமாக ஒருவன் வந்து நின்று, ஊரே நடுங்க, வசனமாகப் பொழிந்தால் ரைட்டர் வாய்விட்டுச் சிரிப்பார். "எனக்குத் தெரிஞ்ச திருடன் எவனும் இப்படிப் பேசினதில்ல. வந்ததும் தண்ணி கேப்பான். அப்புறம் அழுவான். பாதிப் பேருக்கு ஜலதோஷம் வேற." சொல்லிவிட்டு மறுபடி படத்தை ஓட்டுவார். அடுத்த துப்பாக்கிச் சண்டையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பவரும் அவரேதான். அதைச் சொன்னால் கோபம் வரும்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எழுதியதில் பிழை வந்தால் கிறுக்கி அழிக்க மாட்டார். ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, அதன் கீழே தேதி. ஸ்டேஷனில் பழகியது, வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைச் சீட்டில் வெங்காயம் இரண்டு கிலோ என்பது ஒரு கிலோ ஆனாலும் கையெழுத்து விழும். "உலகத்துலயே நம்ம வீட்டு வெங்காயத்துக்குத்தான் கையெழுத்து" என்பாள் மனைவி. அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். "முதல்ல எழுதின தப்பும் கண்ணுக்குத் தெரியணும்டி. தெரியலேன்னா அது திருத்தம் இல்ல, மறைப்பு."

இத்தனை கறார்ப் பேர்வழியின் வீட்டுச் சுவரில், தொலைக்காட்சிக்கு நேர் மேலே, சட்டம் போட்ட பத்திரிகைத் துண்டு ஒன்று தொங்குகிறது. 'கத்தி ஏந்திய கொள்ளையனை வெறுங்கையால் மடக்கிய காவலர்.' முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தையது. படத்தில் ஒல்லியாக, முறுக்கு மீசையோடு ரைட்டர். பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிய ஒருவன். மாமனார் பெண் கொடுத்ததே இதைப் பார்த்துத்தான். மனைவி அந்தக் கதையை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்வாள். சொல்லச் சொல்லக் கத்தி வளர்ந்தது. முதலில் விரல் நீளம், பிறகு சாண், இப்போது முழங்கை வரை வந்திருக்கிறது. அவள் ஆரம்பித்ததுமே ரைட்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். என்ன அடக்கம் பாருங்கள் என்று வந்தவர்கள் வியப்பார்கள்.

அடக்கமாவது ஒன்றாவது! கத்தியே கிடையாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சைக்கிளில் வீட்டுக்குப் போன ரைட்டர், பூட்டிய செருப்புக் கடையின் பின்சுவரில் இரண்டு கால்கள் உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். திருட வந்த பையன் திரும்பி வரும்போது சின்ன ஜன்னலில் இடுப்போடு மாட்டிக்கொண்டு, "யாராவது இழுங்கய்யா!" என்று உள்ளே பார்த்துக் கதறிக்கொண்டிருந்தான். ரைட்டர் அரை மணி நேரம் இழுத்தார். வெளியே வந்து விழுந்தவன் கையில் ஒற்றை ஷூ. அதன் ஜோடி உள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டான், குடித்தான், அழுதான்.

ரைட்டர் அதை அப்படியேதான் எழுதினார். மேலதிகாரி படித்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கி எறிந்தார். "சிரிப்பாங்கய்யா. ஒரு கத்தியைப் போடு." ரைட்டர் போட்டார். அந்த ஒரு சொல்லுக்குக் கோர்ட் கூடுதலாக இரண்டு வருஷம் போட்டது. அந்த இரண்டு வருஷம் முடிந்த தேதி ரைட்டருக்கு இன்றும் மனப்பாடம். யாரிடமும் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை சோபா ரிப்பேருக்கு ஆள் வந்தார். மெலிந்த மனிதர், தலை நரைத்தவர், வாய் நிறைய சிறு ஆணிகள். சோபாவைக் கவிழ்த்துப்போட்டுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அந்த ஷெரிஃபை நிறுத்திவைத்து, ஒன்பது பிணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மனைவிக்குப் புது ஆள் கிடைத்தால் போதுமே, ஆரம்பித்துவிட்டாள். ரைட்டர் பூவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சோபாக்காரர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார்.

"எந்தக் கடைம்மா அது?"

"செருப்புக் கடை."

"பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருக்குமே, அந்தக் கடையா?"

செடிப் பக்கம் போன ரைட்டர் திரும்பினார். பூவாளி கையிலேயே நின்றது.

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

"கேள்விப்பட்டிருக்கேன்மா."

"கத்தி இவ்வளவு நீளம்!" அவள் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

சோபாக்காரர் ரைட்டரை ஒரு தரம் பார்த்தார். "பெரிய கத்திதாம்மா. சார் இல்லேன்னா வேற யாரு பிடிச்சிருப்பா?" என்று சொல்லிவிட்டு, ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார்.

படமாக இருந்தால், பழைய கொள்ளைக்காரன் நடுத்தெருவில் கால் அகட்டி நின்று ஷெரிஃபை வெளியே கூப்பிட்டிருப்பான். இவரோ சோபாவுக்கு ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரைட்டர் தாங்கியிருப்பார். தனக்காக அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லிவிட்டுக் குனிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கத்தி இல்ல" என்றார்.

"என்னங்க உளர்றீங்க?"

"கத்தி இல்லடி. ரெண்டு காலு, ஒத்தை ஷூ, அவ்வளவுதான். நான்தான் எழுதிச் சேர்த்தேன். இவருதான் அந்த ஆளு."

மனைவி உட்கார இடம் தேடினாள். சோபா குடல் சரிந்து கிடந்தது. நின்றபடியே சோபாக்காரரைக் கேட்டாள்.

"எத்தனை வருஷம் உள்ள இருந்தீங்க?"

"மூணும்மா" என்றார், ஆணிகளை மறுபடி உள்ளங்கையில் துப்பிக்கொண்டு.

"கத்தி இல்லாம இருந்திருந்தா?"

"ஒண்ணுதான் இருக்கும். விடுங்கம்மா, பழைய கதை." அவரே சேர்த்துக்கொண்டார்: "அந்த ஜன்னல்ல மாட்டினதை எங்க வீட்ல நானும் சொன்னதில்ல. கத்தின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "தினமும் மூணு மணிக்கு அந்த ஷெரிஃபைத் திட்டுனீங்களே!"

ரைட்டர் சுவர்ப் பக்கம் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சட்டத்தைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். பின்பலகையின் ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. சோபாக்காரர் தன் பையிலிருந்து ஆணி பிடுங்கியை எடுத்து நீட்டினார். நாலு ஆணியும் வந்தன. மஞ்சளேறிய காகிதத்தை வெளியே எடுத்து, நீள நோட்டின் மேல் விரித்தார். திரையில் ஷெரிஃப் இன்னமும் கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார். 'கத்தி ஏந்திய' என்ற இரண்டு சொற்களின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டார், எழுத்து அடியில் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. கீழே அன்றைய தேதி. பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்து, "சாட்சி" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். சோபாக்காரர் விரலில் ஒட்டியிருந்த பசையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கினார்.