பரிமளம் அன்ரியின் எட்டுக் கிலோ

நிறை பார்க்கிற வேலையில், ஆட்களின் செருப்பைக் கழற்ற வைப்பது சுலபம். சாட்டுப்போக்கைக் கழற்ற வைப்பதுதான் கஷ்டம். சண்டைக் காலம். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு டிஸ்பென்சரியில் அந்த வேலை பார்த்தேன். மெஷினில் ஏறியதும் முள்ளைப் பார்க்காமல் கூரை ஃபானைப் பார்க்கிற என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்னொன்று: எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கதைக்கிற வியாதி எனக்கு உண்டு.

பையோடு ஏறியவர்

பரிமளம் அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இருந்தவர். வயிற்றில் ஒரு கட்டி. எட்டுக் கிலோ குறைத்தால்தான் மயக்கமருந்து கொடுத்து ஒபரேஷன் செய்யலாம் என்று சேர்ஜன் அனுப்பிவிட்டார். முதல் நாள் தோள் பையோடேயே மெஷினில் ஏறினார். "பையைக் கீழ வையுங்கோ, அன்ரி" என்றேன். வைக்கவில்லை. நகையாக்கும் என்று நினைத்தேன். திறந்து காட்டினார்: காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கொழும்பில் தங்கப் பொலிஸ் கொடுத்த பதிவுத் துண்டு.

"வேணுமெண்டால் ரெண்டு கிலோ கூட எழுது, பிள்ளை. இதைக் கீழ வைச்சிட்டு நான் ஓரிடமும் ஏறமாட்டன்."

பாதிப் பார்சல்

எங்கள் டிஸ்பென்சரி டொக்டர் அம்மா சொன்னதில் மந்திரம் ஒன்றுமில்லை. சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டு, தேத்தண்ணிக்குச் சீனி போடாதே, இருட்ட முதல் சாப்பிடு, தினமும் நட. லொட்ஜில் சாப்பாடு என்றால் சோத்துப் பார்சல்தான். ஒன்றை அவிழ்த்தால் ஒரு குடும்பம் சாப்பிடலாம். அன்ரி பாதியைப் பக்கத்து அறைப் பள்ளிக்கூட மாஸ்டருக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூன்றாம் கிழமை அன்ரிக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. அடுத்த நாள் மாஸ்டர் காற்சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி வந்து மெஷினில் ஏறினார்.

"டொக்டரிட்டைச் சொல்லும், தங்கச்சி. அவவின்ர ரெண்டு கிலோவும் பத்திரமா என்னட்டைத்தான் இருக்கு."

கடற்கரை நடை

பிறகு முள் அசையவில்லை. அன்ரி அறையை விட்டு வெளிக்கிடுவதே இல்லை. டொக்டர் அம்மாவின் பூப்போன்ற குரலுக்கு இவர் அடங்கமாட்டார் என்று நானே தீர்ப்பெழுதி, ஒரு மத்தியானம் லொட்ஜுக்கு ஃபோன் எடுத்தேன். அதே பூப்போன்ற குரல், கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவி: "பரிமளம், நாளையிலயிருந்து காலமை ஒரு மணித்தியாலம் கடற்கரையால நடக்கோணும். விளங்கிச்சோ?" வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். என் அடையாள அட்டையில் கொழும்பு முகவரி. அன்ரியின் அட்டையில் என்ன முகவரி என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அடுத்த நாள் டிஸ்பென்சரிக்குப் பொலிஸிலிருந்து ஃபோன். கடற்கரைத் தண்டவாளத்து ஓரமாக ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை காவலரணைத் தாண்டி மூன்று தரம் போய் மூன்று தரம் திரும்பியிருக்கிறா. என்ன வேவு பார்க்கிறாய் என்று கேட்டால், அவவுக்குத் தெரிந்த சிங்களம் "டொக்டர் கிவ்வா" மட்டும். டொக்டர் சொன்னாராம். ஃபோனை வாங்கிய டொக்டர் அம்மா, "நான் அப்படிச் சொல்லவேயில்லையே" என்று உண்மையைச் சொன்னார். ஒரு சொல் அதிகமாய்ப் போனால் அன்ரியை எங்கே கொண்டுபோவார்களோ. "நான்தான் டொக்டர், உங்கட குரலில" என்றேன், முதல் தடவையாக என் சொந்தக் குரலில். அவர் என்னை ஏசவில்லை. ஃபோனில், "ஓம், நடக்கச் சொன்னது எங்கட டிஸ்பென்சரிதான்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த நோயாளிகளை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தார். பின்னேரம் அன்ரியோடுதான் திரும்பினார். அழுதுகொண்டு நின்ற என்னை அன்ரி மேலும் கீழும் பார்த்தார்.

"நடக்கச் சொன்னது பிழையில்லை, பிள்ளை. பொலிஸில நாலு மணித்தியாலம் வாங்கில இருத்தி வைச்சால் எப்பிடி நிறை குறையும்?"

கோயில் வீதி

கடற்கரை இனிச் சரிவராது, றோட்டும் பயம். அன்ரி தானே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையும் மாலையும் கோயிலைச் சுற்றினார், ஒவ்வொரு தரமும் இருபத்தொரு சுற்று. கோயிலைச் சுற்றுகிறவளை ஏன் சுற்றுகிறாய் என்று எவரும் மறிப்பதில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்த ஐயர், மனம் இளகி, "அம்மா, என்ன பெரிய நேர்த்திக்கடன்? சொன்னால் நானும் ஒரு அர்ச்சனை செய்வன்" என்றாராம். அன்ரி நடையை நிறுத்தாமல் பதில் சொல்லியிருக்கிறார்.

"எட்டுக் கிலோ, ஐயா."

அரைக் கிலோ

சேர்ஜனுக்குக் கடிதம் எழுதும் நாள் வந்தது. முள்ளின் கணக்கில் ஏழரைக் கிலோதான் குறைந்திருந்தது. அன்ரியின் முகம் விழுந்துவிட்டது. இந்த ஒபரேஷன் தவணை தப்பினால் அடுத்தது எப்போதோ. மெஷினுக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. அரைத் திருப்பு போதும், முள் அரைக் கிலோ இறங்கிவிடும். எனக்கு அவரிடம் அந்தக் கடற்கரைக் கடன் இருந்தது. குனிந்து கையை வைத்தேன். மேலேயிருந்து அன்ரி என் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"விடு, பிள்ளை. கத்தி வைக்கிற நேரம் என்ர உடம்புக்கு உன்ர மிமிக்ரி விளங்காது. ஒரு கிழமை தா."

ஒரு கிழமையில் அந்த அரைக் கிலோவும் போய்ச் சேர்ந்தது, ஒபரேஷனும் நல்லபடி முடிந்தது. எத்தனை பேரின் குரலில் வேண்டுமானாலும் புத்திமதி சொல்லலாம், அன்பர்களே, சுற்ற வேண்டிய கால் மட்டும் அவரவருடையது.