அடைமழையில் வாங்கிய வஞ்சிரம்

யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசி அடைமழையில் எங்கள் சாந்தோம் பங்குத் திருவிழா வந்தது. வழக்கமாக மீன் தரும் அஞ்சலை வெறும் கூடையோடு வந்து, “மூணு நாளா கட்டுமரம் எறங்கல டீச்சரம்மா. இன்னிக்கு எங்கியும் மீனு வாங்காத” என்றாள். விருந்தில் மீன் இல்லாமலா என்று நான் கடைத்தெருவில் வஞ்சிரம் வாங்கிச் சமைத்தேன்.

விருந்தினர் வருமுன், பசித்த மகள் மேரிக்கு மட்டும் பரிமாறினேன். ஒரு மணி நேரத்துக்குள் ஓயாத வாந்தி. உடம்பு சில்லிட்டுக் கண் செருகியது. ரிக்‌ஷாக்காரர் முழங்கால் தண்ணீரில் இழுத்துக்கொண்டே, “கொயந்தய பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே வாம்மா!” என்று கத்தினார். டாக்டர் ஊசி போட்டு வெகுநேரம் கழித்து மேரி, “அம்மா, தண்ணி” என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் மழை மாதங்களில், திருவிழாவே ஆனாலும், அன்று பிடித்ததென்று தெரியாத மீனை வாங்குவதில்லை. இவ்வருஷ விருந்துக்கு அவரைக்காய்க் கூட்டும் பரங்கிக்காய்க் குழம்பும்தான். மாமியார் முகம் சுளித்தார். மேரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.